ஆனியில் கேட்ட படகு

"மோட்டாரு எத்தனை ஹெச்.பி.?"

கடலைப் பற்றி அண்ணன் கேட்ட முதல் கேள்வி அதுதான். பேசிக்கொண்டிருந்தது அந்தமானில் ஒரு தீவில் படகு வாடகைக்கு விடுகிற ஒருவரிடம். நாங்கள் இருந்தது காமயகவுண்டன்பட்டிக்கு வெளியே, மலையடிவாரத்தை ஒட்டிய எங்கள் திராட்சைத் தோட்டத்தில், மோட்டார் ரூம் வாசலில். வைகாசி வெயில். நான் கைபேசியை ஸ்பீக்கரில் போட்டு, அண்ணனுக்கும் எனக்கும் நடுவில் ஓர் உரமூட்டையின் மேல் வைத்திருந்தேன்.

படகுக்காரர் என்னவோ ஓர் எண்ணைச் சொன்னார். ராமநாதபுரம் பக்கத்துத் தமிழ். தாத்தா காலத்திலேயே அங்கே போய்விட்ட குடும்பமாம்.

"ஒத்தை மோட்டாரா, ரெண்டா?"

"ரெண்டுண்ணே."

"ஒண்ணு மக்கர் பண்ணுனா இன்னொண்ணு இழுத்துருமா?"

"இழுத்துரும்ணே. கொஞ்சம் மெதுவா இழுக்கும்."

"மெதுவாவே இழுக்கட்டும். எங்களுக்கு என்ன, சந்தைக்கா போகணும்?"

அண்ணன் திருப்தியாக என்னைப் பார்த்துத் தலையாட்டினார். என்னைப் பார்த்து என்று சொல்லக் கூடாது. என் காதுக்குப் பக்கத்தில் எங்கேயோ பார்த்து. இடது கண் போய் வருசக் கணக்காகிவிட்டது. வலது கண்ணில் உலகம் மிச்சமிருந்தது. பப்பாளித் தண்டை ஒடித்து அந்த ஓட்டை வழியாகச் சின்னப் பிள்ளைகள் பார்ப்பார்களே, அந்த அளவுக்கு. அந்த ஓட்டைக்குள் என் முகம் அகப்படவில்லை.

மாசி மாதம் மதுரையில் கண் டாக்டர் அதைத்தான் வேறு வார்த்தையில் சொன்னார். கண்ணுக்குள் நீர் அழுத்தம். போனது வராது. இருப்பதைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றிப் பார்ப்போம், எத்தனை நாளைக்கு என்று கேட்காதீர்கள் என்றார். நாங்கள் கேட்கவும் இல்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் அண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார். உசிலம்பட்டி போனது. ஆண்டிபட்டிக் கணவாய் ஏறி இறங்கி, மேற்கே எங்கள் மலைகள் வரிசையாக எழுந்து நிற்கத் தொடங்கியபோதுதான் வாயைத் திறந்தார்.

"சூரியன் முழுசா இறங்கி நான் பாத்ததே இல்லடா."

நான் முதலில் அதைச் சாதாரணமாகத்தான் எடுத்துக்கொண்டேன். பிறகு யோசித்தால் உண்மை. எங்கள் ஊரில் யாரும் பார்த்ததில்லை. மூன்று பக்கமும் மலை. காலையில் மேகமலைப் பக்கம் ஏறிக் குதித்துத் தாமதமாக வரும் சூரியனை, சாயங்காலம் மேற்கு மலை அவசரமாக எடுத்து முழுங்கிவிடும். நல்ல வெளிச்சத்திலேயே, மஞ்சளாகக்கூட ஆகாமல், பாதி வேலையில் கூப்பிட்ட ஆள் மாதிரி சூரியன் எழுந்து போய்விடும். அப்புறம் நெடுநேரம் வானத்தில் வெளிச்சம் மட்டும் இருக்கும், ஆள் இல்லாத வீட்டில் விளக்கு எரிகிற மாதிரி. பிறந்ததிலிருந்து இந்தத் தோட்டத்தை விட்டு நகராதவர் அண்ணன். அப்பா போனபின் அவர் தோட்டத்தைப் பிடித்துக்கொண்டார், நான் ஊர்களைப் பிடித்துக்கொண்டேன். ஒரு வேலையில் ஒட்டாமல், ஓர் ஊரில் கால் தரிக்காமல் அலைந்துவிட்டு, கடைசியில் தேனியில் ஒரு பத்திரிகை அலுவலக நாற்காலியில் வந்து விழுந்தவன் நான். மேற்குக் கரையில் எத்தனையோ கடற்கரைகளில் நின்றிருக்கிறேன். ஆனால் ஒன்றிலும் கடைசி வரை நின்றதில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிடும், அல்லது நேரமாகிவிட்டதாக எனக்குத் தோன்றிவிடும்.

"கன்னியாகுமரியில பாத்தோமேண்ணே."

"பிடரியப் பாத்தோம். அம்புட்டுப் பேரு பிடரியும் பாத்தோம்."

அதுவும் சரி. வேன் பிடித்து, பங்காளிகள் எல்லாரும் போன பயணம். கரையில் நின்ற கூட்டத்தில் எல்லாருடைய தலைக்கும் பின்னால் ஏதோ சிவப்பாகப் போனது.

"இப்ப எனக்கு இருக்கிறதே ஒரு ஓட்டை. அதுல ஒருத்தன் தலை வந்து நின்னாப் போச்சு. அதனால தலையே இல்லாத எடமாப் பாரு. சுத்தியும் மலையில கெடந்தாச்சு. ஒரு தடவை சுத்தியும் தண்ணியில நிக்கணும்."

இப்படித்தான் தனிப் படகு எங்கள் வீட்டுக்குள் வந்தது.

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் அண்ணன் மகள் இணையத்தில் தேடிப் பிடித்து ஒரு பக்கத்தை எனக்கு அனுப்பினாள். நீலத் தண்ணீர், வெள்ளைப் படகு, அதில் கால் நீட்டிப் படுத்திருக்கும் வெள்ளைக்காரத் தம்பதி. உங்கள் குடும்பத்துக்கு மட்டும் என்று கீழே எழுதியிருந்தது. அதை நான் வாசித்துக் காட்டியதும் மதினி, அண்ணன் மனைவி, கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்:

"குடும்பத்துக்கு மட்டும்னா, யாரு யாரு?"

எங்கள் பக்கத்தில் இது லேசான கேள்வி இல்லை. இங்கே யாரும் தனியாக எங்கேயும் போவதில்லை. போனால் வேன். வேன் என்றால் பெரிய அலுமினியச் சட்டியில் புளிச்சோறு, இன்னொன்றில் தயிர்ச்சோறு, பெரியப்பா வீடு, சின்னய்யா வீடு, கொண்டு கொடுத்த வீடு. சொல்லாமல் விட்டுப்போன வீடு, அடுத்த கல்யாணத்தில் பந்தியில் உட்காரும்போது அதை ஞாபகப்படுத்தும். புருசனும் பொண்டாட்டியும் தனியாகப் போவது கல்யாணமான புதிதில் மட்டும்தான், அதுவும் யாராவது கூடப் போகாமல் இருந்தால்.

"நீ, நான், தம்பி. மூணு பேரு" என்றார் அண்ணன்.

"ஊரு காறித் துப்பும்."

"துப்பட்டும். எனக்குத் தெரியவா போகுது?"

கண்ணைப் பற்றி அவரே செய்த முதல் கேலி அது. மதினி சிரிக்கவில்லை. முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அடுத்தது நாள் குறிப்பது. எங்கள் வீட்டில் காதுகுத்திலிருந்து கல்யாணம் வரை தோட்டத்தைக் கேட்டுத்தான் நாள். பழம் வெட்டி முடிந்த பிறகு, அடுத்த கவாத்துக்குக் கொடியை வெட்டிவிடும் முன், ஒரு மாதம் தோட்டம் மூச்சு வாங்கும். அந்த ஒரு மாதம்தான் அண்ணனுக்கும் மூச்சு. இந்த முறை அது ஆனியில் விழுந்தது. எங்களுக்கு ரெட்டைச் சந்தோசம். எங்கள் பள்ளத்தாக்கில் ஆனி, ஆடியைப் போல ஒரு பருவம் கிடையாது. மலைக்கு அந்தப் பக்கம் மழை அடித்து நொறுக்கும்போது, மலையைத் தாண்டி வருவது அதன் ஈர மூச்சு மட்டும்தான். பூப்போட்ட மாதிரிச் சாரல். கம்பத்திலிருந்து காற்று. சுருளி அருவியில் தண்ணீர். போர்வை போத்திக்கொண்டு டீ குடிக்கலாம். ஒரு பயணத்துக்கு இதைவிட நல்ல மாதம் உலகத்தில் எங்காவது இருக்குமா என்று எங்களில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. மகள் பங்குனியிலேயே ஆனிக் கடைசிக்கு விமான டிக்கெட் போட்டுவிட்டாள்.

அதற்கப்புறம்தான் படகுக்காரருக்கு இந்த போன்.

மதினி தூரத்தில் கொடிக்கயிற்றை மடித்துக்கொண்டிருப்பது போல நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். மெதுவாக என் பக்கம் வந்து, "தம்பி, ஒதுங்குறதுக்கு எடம் இருக்கான்னு கேளுங்க" என்றார். கேட்டேன். சின்னதாகத் தடுப்பு போட்ட ஓர் இடம் உண்டு என்றார் படகுக்காரர். "அடுப்பு மூட்டலாமான்னு கேளுங்க." அதையும் கேட்டேன். எதிர்முனையில் சிரிப்பு. "சாப்பாடு நாங்களே குடுத்துருவோம் மதினி, மீன் சாப்பிடுவீங்கல்ல?" முகம் தெரியாத ஆள் மதினி என்றதும் இவர் முகத்தில் ஒரு வெட்கம் வந்து போனது. அண்ணனுக்கு அது தெரியவில்லை. நான் பார்த்தேன்.

ஏறும்போது கால் வைக்கப் பலகை போடுவீர்களா, பிடிக்கக் கம்பி இருக்கிறதா, கரையே தெரியாத இடத்துக்குக் கூட்டிப் போவீர்களா என்று அண்ணன் கேட்டுக்கொண்டே போனார். "ஒரு பக்கமாச்சும் எதுவுமே தெரியாம தண்ணி மட்டும் இருக்கணும். மேக்க."

"இருக்கும்ணே. தீவுக்கு மேற்குப் பக்கம் போயிட்டா, அதுக்கப்புறம் தண்ணி, வானம், அவ்வளவுதான். ஆனா சாயங்காலம் போறதுன்னா தனியா அனுமதி எழுதி வாங்கணும். இருட்டுறதுக்குள்ள ஜெட்டிக்கு, படகு கட்டுற துறைக்கு, வரணும்னு இருக்கு. அத நான் பாத்துக்கிறேன். எப்ப வர்றீங்க?"

"ஆனிக் கடைசி."

போன் கட்டாகிவிட்டதோ என்று எடுத்துப் பார்த்தேன்.

"ஆனியிலயா? ஆனியில கடல் சாமி ஆடும்ணே. படகையெல்லாம் மேல ஏத்திக் கட்டிப் போட்டிருப்போம். யாருண்ணே ஆனியில வரச் சொன்னது?"

"இங்கன அப்பத்தான் நல்லாருக்கும். சாரல்."

"உங்க ஊருக்கு மலை இருக்குல்ல. மழையத் தடுத்து, வடிகட்டிச் சாரலா அனுப்பி வைக்கிது. இங்க தடுக்க என்ன இருக்கு? வர்றது அப்படியே வரும்."

போனை வைத்த பிறகு அண்ணன் மலை இருக்கும் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். நான் உரமூட்டையின் நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். அந்த மாசிப் பயணத்துக்கும் இந்த வைகாசிக்கும் நடுவிலேயே பப்பாளித் தண்டு கொஞ்சம் மெலிந்திருந்தது எனக்குத் தெரியும். டீ கிளாசை இரண்டாவது முயற்சியில்தான் பிடிக்கிறார்.

"மலையப் பாக்காத எடமாப் போகணும்னு நெனச்சா, மலையோட மாசத்தக் குறிச்சு வச்சிருக்கோம் பாரு" என்றார். கோபம் இல்லை. ஒரு மாட்டின் சேட்டையைச் சொல்வது மாதிரிதான் சொன்னார்.

படகுக்காரர் சொன்னது தை. கார்த்திகை, மார்கழியிலும் புயல் பயம் உண்டு, தை வந்தால் கடல் தட்டில் ஊற்றிய தண்ணீர் மாதிரி நிற்கும் என்றார். தோட்டத்தைக் கேட்டோம். ஆடியில் கவாத்து அடித்தால் கார்த்திகையில் வெட்டு முடியும். தையில் ஓய்வு. தோட்டமும் ஒத்துக்கொண்டது. மகள் டிக்கெட்டை மாற்றினாள். ஒத்துக்கொள்ளாத ஒன்று இருந்தது, அதைக் கேட்க எங்களுக்கு வழி இல்லை.

ஆவணியில் ஒரு நாள் நான் தாங்க முடியாமல் சொன்னேன். "அண்ணே, தை வரைக்கும் எதுக்கு? குமுளி தாண்டி இறங்குனா கேரளாக் கடல். ஒரு எட்டுப் போயிட்டு வந்துருவோம். அங்கயும் மேக்கதான இறங்குது."

"மேகம் மூடிக் கெடக்கும். போயிட்டு, பாதியப் பாத்துட்டு வரணும்."

"பாதியாச்சும் பாக்கலாம்ல."

அண்ணன் தலைக்கு மேலே பந்தலில் தொங்கிய ஒரு கொத்தை விரலால் தொட்டார். பச்சை. மிளகை விடக் கொஞ்சம் பெரிது. "ஒரு தடவதாண்டா பாக்கப் போறேன். காயா வெட்டக் கூடாது."

வாழ்க்கை முழுக்கப் பழுக்கும் வரை பொறுத்துப் பழகியவரிடம், பொறுக்காமல் வெட்டு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தேனியிலிருந்து டவுன் பஸ் பிடித்து வருவேன். மோட்டார் ரூம் வாசலில் உட்கார்ந்து போகாத பயணத்தைப் பேசுவோம். அது எங்களுக்கு ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. வேட்டியா, பேண்டா? படகில் வேட்டி பறக்கும் என்றார் மதினி. பிளேனில் சொட்டு மருந்தை விடுவார்களா? விடுவார்கள். வாய்க்காலின் மேல் போட்டிருந்த பலகையில் ஏறி நின்று, முட்டியை லேசாக மடக்கி, "படகு இப்படித்தான் ஆடுமாடா?" என்று அண்ணன் ஆடிக்காட்டுவார். "விழுந்து தொலையாதீக" என்று மதினி அதட்டுவார். அண்ணனை நான் அப்படி விளையாட்டாகப் பார்த்ததே இல்லை. சின்ன வயதிலேயே பெரியவராகிவிட்டவர் அவர். அந்தப் பலகையில் நின்றபோதுதான் அவருக்குள் ஒரு பயல் இருந்தது எனக்குத் தெரிந்தது, அவன் இத்தனை வருசமும் எங்கே ஒளிந்திருந்தானோ.

சமாச்சாரம் ஊருக்குள் போய்விட்டது. பக்கத்துத் தோட்டத்துப் பெரியப்பா மகன் வண்டியை நிறுத்திவிட்டு வரப்பில் நின்றபடியே ஆரம்பித்தான்.

"என்னண்ணே, நீயும் மதினியும் தேனிலவுக்குப் போறீகளாம்ல."

"ஆமாடா. ஒனக்கு ஏன் வயிறு எரியுது?"

"எரியல. படகுல ஆறு பேரு போகலாமாம்ல. நீங்க மூணு பேரு. மிச்சம் மூணு யாரு?"

"மிச்சம் மூணும் காத்து. காத்தோட்டமாப் போறோம்."

"காத்துக்கு ஒரு சீட்டு, பங்காளிக்கு ஒரு சீட்டு இல்ல. நல்லாருக்குண்ணே." வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்து, "வரும்போது சங்கு வாங்கிட்டு வா" என்று கத்தினான். அவனுக்கு அண்ணனின் கண் பற்றி முழுசாகத் தெரியாது. தெரிய வேண்டாம் என்பது அண்ணனின் ஏற்பாடு. கண் தெரியாத ஆளின் பழத்துக்கு வியாபாரி சொல்வதுதான் தரம் என்று ஆகிவிடும்.

ஐப்பசியில் படகுக்காரரே கூப்பிட்டார். அனுமதிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாராம். எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று அண்ணன் கேட்டார்.

"மூணரைக்கு ஏறிருங்கண்ணே. அஞ்சரைக்குள்ள இறங்கிரும்."

"எது?"

"சூரியன்தாண்ணே. நாங்க கெழக்கால ரொம்பத் தள்ளி இருக்கோம். கடிகாரம் மட்டும்தான் உங்க கடிகாரம்."

அண்ணன் ஸ்பீக்கரைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம் சொன்னார்: "ஏலே, இங்கனயும் தையில அஞ்சரைக்குத்தான மலை முழுங்குது. இதுக்கா பிளேன் ஏறுறது?" சொல்லிவிட்டு நெடுநேரம் சிரித்தார். சிரிக்கும்போது அவர் முகம் என் முகத்துக்கு நேராக இருந்தது. ஓட்டையில் நான் அகப்பட்டுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி இல்லை என்பது கார்த்திகையில் தெரிந்தது.

பழவெட்டு நாள். கேரளாவுக்குப் போகும் லாரி ரோட்டில் நின்றது. பந்தலுக்கு அடியில் பெண்கள் கத்தரியும் பிளாஸ்டிக் கிரேட்டுமாக வரிசை பிரித்து நின்றார்கள். வழக்கமாக அண்ணன் முன்னால் குனிந்து நடந்து, கொத்துகளை அண்ணாந்து பார்த்து, இது வெட்டு, இது நிக்கட்டும், இது வெட்டு என்று சொல்லிக்கொண்டே போவார். பன்னீர்த் திராட்சை பச்சையிலிருந்து சிவந்து, சிவப்பிலிருந்து கருக்கும். கருத்த பிறகும் சாம்பல் மாதிரி ஒரு பூச்சு இறங்க வேண்டும். அந்தக் கடைசி நிறத்தை அவர் தூரத்திலிருந்தே சொல்வார்.

அன்றைக்கு ஒரு கொத்தை உள்ளங்கையில் தாங்கிக்கொண்டு, பக்கத்தில் நின்ற பெண்ணிடம் கேட்டார்: "ஆத்தா, இது கலர் வந்துருச்சா?"

அந்தப் பெண் சிரித்தாள். "என்னண்ணே, எனக்கே பரிச்சை வைக்கிறீக?"

அண்ணனும் சிரித்தார். ஒரு பழத்தைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு, "வெட்டு" என்றார். அடுத்த கொத்து. தடவினார், கிள்ளினார், வாயில் போட்டார். "நிக்கட்டும்." அடுத்தது. காலை முழுக்க அப்படியே நடந்தார். பின்னாலேயே நான் நடந்தேன். எனக்குப் புரியத் தொடங்கிய இடம் எது என்று நினைவில்லை. இலைகளின் ஊடாக வெயில் காசு காசாக அவர் முதுகில் விழுந்துகொண்டிருந்தது. அவர் முகத்திலும் விழுந்தது. கண் சிமிட்டவில்லை.

மதியம் மதினி சோற்றுவாளியோடு வந்தார். சொம்பில் தண்ணீர் மொண்டு, அண்ணனுக்கு முன்னால் வைக்கவில்லை. அவர் கையை எடுத்து, கைக்குள் வைத்தார். அதைப் பார்த்ததும்தான், மதினிக்கு முன்பே தெரியும் என்று எனக்குத் தெரிந்தது.

"எப்பருந்துண்ணே?"

"தீவாளிக்கு முந்தியே." சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். "வெளிச்சம் இருக்கு. கலங்கத் தண்ணிக்குள்ள முங்கி முழிச்சாப்புல இருக்கு. வாயெல்லாம் புளிப்பு, சோறு எறங்கல."

மறுபடி மதுரைக்குப் போனோம். இந்த முறை டாக்டர் அண்ணனிடம் அதிகம் பேசவில்லை. மதினியிடம் வீட்டுச் சாமான்களை இடம் மாற்றாமல் வைக்கச் சொன்னார்.

திரும்பும் வழியில் நான் பேசிக்கொண்டே வந்தேன். வார்த்தையால் பிழைக்கிறவனின் கெட்ட பழக்கம், காலியிடத்தைக் கண்டால் நிரப்புவது. போவோம்ணே, போய்த்தான் ஆகணும், கடல் கண்ணுக்கு மட்டுமா, காத்து இருக்கு, அலைச் சத்தம் இருக்கு, உப்பு வாசனை இருக்கு என்று.

கணவாய் தாண்டும் வரை கேட்டுவிட்டு அண்ணன் சொன்னார்: "காத்து இங்கனயே அடிக்கிது. தண்ணிச் சத்தம் நம்ம வாய்க்கால்ல கேக்குது. நான் கேட்டது அது இல்லல்ல."



டிக்கெட்டை ரத்து செய்யச் சொல்லி மகளிடம் அவரே சொன்னார். அவள் அழுவது போனுக்கு வெளியே வரை கேட்டது. "ஏலே, அழுகாத. ஒனக்கு என்ன ஆத்தா, கண்ணு நல்லாத்தான இருக்கு, நீ போயிப் பாரு" என்றார். ஆனால் படகை ரத்து செய்ய விடவில்லை. எங்கள் பக்கத்தில், கொடியில் நிற்கும் பழத்துக்குப் பேசி முடித்துவிட்டால் முடித்ததுதான். அப்புறம் வேறு வியாபாரி வாசலில் வந்து நின்றாலும் முகம் கொடுக்கக் கூடாது. பேசியவன் லாரி வராமல் போனாலும் அவனுக்காகப் பழம் நிற்கும். அந்தப் புத்தியை அவர் கடல் வரைக்கும் கொண்டுபோனார். படகுக்காரருக்குப் போன் போடச் சொன்னார்.

"அன்னைக்கு நாள் எங்களுதுதானப்பா?"

"ஆமாண்ணே. ஆனா நீங்க வரலைன்னா பரவால்லண்ணே, நான் வேற ஆளு..."

"வேற ஆளு ஏத்தாத. ஒங்க வீட்டுக்காரம்மாவக் கூட்டிட்டுப் போ. என்னைக்காச்சும் கூட்டிட்டுப் போயிருக்கியா?"

"கரையிலேருந்து பாத்திருக்காண்ணே. படகுல... இல்லண்ணே. யாருக்கு நேரம்?"

"அப்ப அவுகளக் கூட்டிட்டுப் போ. தனிப் படகு. மேக்க, கரை தெரியாத எடத்துக்கு."

தையில் அந்த நாள் வந்தது. நான் லீவு போட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போனேன். யாரும் கூப்பிடவில்லை, ஆனால் நான் வருவேன் என்று மதினி எனக்கும் சேர்த்து டீ போட்டு வைத்திருந்தார். பழம் வெட்டி முடித்த கொடிகள் இலை பழுத்துக் கிடந்தன. மூன்று பேரும் வாய்க்கால் கரையில், மலையைப் பார்த்த மாதிரி உட்கார்ந்தோம். மதினி வேலை நேரத்தில் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முந்தானையின் நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

எங்கள் ஊரில் சாயங்காலம் வானத்திலிருந்து வராது, தரையில் நடந்து வரும். மலையின் நிழல் அடிவாரத்தில் இறங்கி, முதல் தோட்டத்தை மூடி, தென்னந்தோப்பை மூடி, வரப்பு வரப்பாகத் தாண்டி வரும். நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் உள்ளங்கையை மேலே பார்க்கத் திருப்பி முழங்காலில் வைத்திருந்தார். நிழல் வாய்க்காலைத் தாண்டியது. எங்கள் கால்மேல் ஏறியது. அவர் விரல்கள் மெல்ல மடங்கின.

"வந்துருச்சு" என்றார். பிறகு, "இந்நேரம் அங்கனயும்" என்று ஆரம்பித்து, முடிக்கவில்லை.

டீ ஆறிவிட்டது. யாரும் எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து போன் அடித்தது. நான் ஸ்பீக்கரில் போட்டேன்.

"அண்ணே, போயிட்டு ஜெட்டிக்கு வந்துட்டோம்ணே."

அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எப்படி இருந்துச்சு? வீட்டுக்காரம்மா என்ன சொன்னாக?"

"அத ஏண்ணே கேக்குறீங்க." குரலில் ஒரு கூச்சம். "ஜெட்டிய விட்டு வெளிய வந்ததுமே அவளுக்குக் கொமட்ட ஆரம்பிச்சிருச்சு. என் காலடியில சுருண்டு படுத்தவதான். கண்ணத் தொறக்கவே இல்ல. எறங்குது பாருடி, பாருடிங்கிறேன். நீயே பாரு, என்னைய விட்டாப் போதுங்கிறா."

அண்ணனின் தோள் குலுங்கியது. சிரிக்கிறார். மதினியும் வாயை மூடிக்கொண்டு சிரித்துவிட்டார்.

"எலுமிச்சம்பழம் ஒண்ணக் கையில குடுத்து மோந்துக்கிட்டே இருக்கச் சொல்லியிருக்கணும்ப்பா. மேகமலை பஸ்ஸுல எங்க ஆளுக அதான் செய்வாக."

"இது தெரியாமப் போச்சேண்ணே."

"நீயாச்சும் பாத்தியா?"

"நான் தெனமும் பாக்குறதுதானண்ணே."

"இன்னைக்குப் பாத்தியா?"

அங்கே ஜெட்டியில் யாரோ யாரையோ கூப்பிடும் சத்தம் கேட்டது.

"இல்லண்ணே. அவளப் பிடிக்கவும், படகத் திருப்பவும்... திரும்பிப் பாத்தா இல்ல. போயிருச்சு."

"சரிப்பா" என்றார் அண்ணன். "அவுகளுக்குச் சூடா ஏதாச்சும் வாங்கிக் குடு." சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறுபடியும் துடைத்துக்கொண்டார். அந்தக் கண்ணுக்கு அது மட்டும் குறைவில்லாமல் வந்தது. மதினி டீ கிளாசுகளைப் பொறுக்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் முன்னால் நடந்தார்.

நாங்கள் பந்தலின் ஓரமாக வந்தோம். நான் கையைப் பிடிக்கப் போனபோது அண்ணன் உதறிவிட்டார். தோட்டத்துக்குள் அவருக்குக் கை தேவையில்லை. பந்தல் கம்பியைத் தொட்டுக்கொண்டு, ஊன்றிய கல்லுக்கால் வந்ததும் தாண்டி, அடுத்த கம்பியைத் தொட்டு, என்னை விட வேகமாக நடந்தார். கடைசிக் கல்லுக்காலில் நின்றார்.

"வானத்துல வெளிச்சம் இருக்கா?"

"இருக்குண்ணே."

"மலைக்கு மேலயா?"

"ஆமாண்ணே."

"எம்புட்டு நேரம் இருக்கும்?"

"கொஞ்ச நேரம் இருக்கும்."

"அப்ப என்ன அவசரம்? நின்னு பாத்துட்டு வா."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்ல வந்தேன். சொல்லவில்லை. நின்றேன். மலை விளிம்பில் இருந்த வெளிச்சம் மஞ்சளாகி, மங்கி, சாம்பலாகி, எது மலை எது வானம் என்று தெரியாமல் போகும் வரை நின்றேன். அண்ணன் கல்லுக்காலைப் பிடித்துக்கொண்டு, மலைக்கு முதுகைக் காட்டியபடி, நான் பார்த்து முடிக்கட்டும் என்று காத்துக்கொண்டிருந்தார்.